இருட்டு வேறு, குளிர்ச்சி வேறு

சென்னை அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. ஊர்க்காரர்களுக்கு ஜி.பி. ரோடு. சீட் கவர், மேட், சன் ஷேட், ஸ்டியரிங் உறை, கண்ணாடி ஃபிலிம் என்று காருக்குப் போடக்கூடிய எல்லாமும் அங்கே கிடைக்கும். ஒரு மே மாத மதியம் அங்கே ஒரு கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். புதுக் கார் வாங்கிய ஒருவர் கடைக்காரரிடம் சொன்னார்: “நல்லா டார்க்கா போட்டுடுங்கண்ணே, வெயிலே உள்ள வரக் கூடாது.” கடைக்காரர் ஒரு சுருளை விரித்துக் காட்டினார். “இத ஒட்டுனா ஏசி சும்மா ஜில்லுனு நிக்கும் சார்.”

இரண்டு பேருமே மனதார நம்பித்தான் பேசினார்கள். கண்ணாடி எவ்வளவு இருண்டதோ, உள்ளே அவ்வளவு குளிர்ச்சி என்ற நம்பிக்கை நம்மில் பலருக்கும் உண்டு. இந்த அத்தியாயம் முழுக்க அந்த நம்பிக்கையைப் பற்றியதுதான். அது பாதிதான் உண்மை என்பதை இங்கிலாந்தில் ஒரு வானியலாளர் 1800-ஆம் ஆண்டிலேயே தன் விரல் நுனியில் உணர்ந்துவிட்டார்.

அவர் வில்லியம் ஹெர்ஷல். 1781-இல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவர். தொலைநோக்கி வழியே சூரியனைப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணைக் காக்க நிறக் கண்ணாடிகள் வேண்டும். பல நிறங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. சில கண்ணாடிகள் வழியே ஒளி குறைவாகத்தான் வந்தது, ஆனால் சூடு சுட்டது. வேறு சிலவற்றில் ஒளி தாராளமாக வந்தது, சூடே தெரியவில்லை. ஒளியும் வெப்பமும் ஒன்றாகவே பயணம் செய்கின்றன என்றால் இது எப்படி? அவர் முப்பட்டகக் கண்ணாடியால் சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். ஊதாவிலிருந்து சிவப்பு நோக்கிப் போகப் போகச் சூடு ஏறியது. சிவப்பையும் தாண்டி, கண்ணுக்கு எதுவுமே தெரியாத இருட்டுப் பகுதியில் வெப்பமானியை வைத்தால் சூடு இன்னும் கூடியது. இன்று நாம் அகச்சிவப்புக் கதிர் என்று சொல்வது அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. கார் கண்ணாடிக்கு எந்த ஃபிலிம் ஒட்டலாம் என்று நாம் கேட்கும் கேள்வியும், எந்தக் கண்ணாடி சூரியனை அடக்கும் என்று அவர் கேட்ட கேள்வியும் ஒன்றேதான்.

தரைக்கு வந்து சேரும் சூரிய ஆற்றலை நூறு பங்காக வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய 45 பங்கு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஏறக்குறைய 50. மீதி நான்கைந்து பங்கு புற ஊதா. கறுப்புச் சாயம் ஏற்றிய மலிவான ஃபிலிம் அந்த 45 பங்கோடுதான் மல்லுக்கு நிற்கிறது. அகச்சிவப்பில் பெரும்பகுதி அதை ஊடுருவி உள்ளே வந்து அமர்ந்துவிடுகிறது. கண்ணுக்கு இருட்டு; தோலுக்கு அதே வெயில். அந்தச் சாயமும் சில வருடங்களில் வெளுத்து ஊதா நிறத்துக்கு மாறுவதைப் பழைய வேன்களில் பார்த்திருப்பீர்கள்.

செராமிக் என்ற பெயரில் விற்கும் ஃபிலிம்கள் வேறு ரகம். அவற்றில் வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய உலோக ஆக்சைடு துகள்கள் இருக்கின்றன. அவை ஒளியைப் பெருமளவு விட்டுவிட்டு அகச்சிவப்பைத் தடுக்கின்றன. பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட வெள்ளைக் கண்ணாடி போலவே இருக்கும் ஃபிலிம் ஒன்று, கரிய ஃபிலிமைவிட அதிக வெப்பத்தைத் தடுக்கக்கூடும் என்பது இதனால்தான். விலை அதிகம் என்பதும் உண்மை.

கடையில் காட்டும் எண்களிலும் ஒரு கவனம் வேண்டும். “அகச்சிவப்பில் 95 சதவீதம் தடுக்கும்” என்று அட்டையில் போட்டிருக்கும். அகச்சிவப்பு என்பது ஒரு பெரிய வயல்; அந்த எண் பல நேரங்களில் வயலின் ஒரு மூலையில் மட்டும் அளந்த எண். கேட்க வேண்டியது மொத்த சூரிய ஆற்றலில் எத்தனை சதவீதம் தடுக்கப்படுகிறது என்பதைத்தான். அதற்கும் ஒரு உச்சவரம்பு இருக்கிறது, அதை நாமே கணக்குப் போடலாம். ஒரு ஃபிலிம் ஒளியில் 70 சதவீதத்தை உள்ளே விடுகிறது என்றால், 45 பங்கில் 31 பங்கு உள்ளே வந்தே தீரும். மற்ற எல்லாவற்றையும் அது பூரணமாகத் தடுத்தாலும் மொத்தத் தடுப்பு ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தாண்ட முடியாது. அதற்கு மேல் யார் வாக்குக் கொடுத்தாலும் அது இயற்பியலுக்கு ஒவ்வாத வாக்கு.

இனி கண்ணாடிக்கு உள்ளே போவோம். சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,500 டிகிரி செல்சியசில் எரிகிறது. அவ்வளவு சூடான பொருள் வீசும் கதிர்கள் குட்டை அலைகள். கண்ணாடி அவற்றுக்கு வழிவிடும். அந்தக் கதிர்கள் டேஷ்போர்டில் விழுந்து அதை 70 டிகிரிக்குச் சூடாக்குகின்றன. சூடான டேஷ்போர்டும் கதிர் வீசும், ஆனால் அவை பத்து மடங்குக்கு மேல் நீண்ட அலைகள். கண்ணாடி அவற்றுக்குச் சுவர் மாதிரி. வரும்போது திறந்திருந்த கதவு, போகும்போது சாத்திக்கொள்கிறது.

1767-இல் தொடங்கிய சோதனைகளில் ஜெனீவாவைச் சேர்ந்த ஹொராஸ் பெனடிக்ட் டி சாசூர் என்ற அறிஞர் கண்ணாடி மூடிய பெட்டி ஒன்றை வெயிலில் வைத்து, உள்ளே தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையையும் தாண்டவைத்தார். இன்றைய சூரிய அடுப்புகளுக்கு அதுதான் மூதாதை. ஜன்னல் ஏற்றிய காரும் அதன் வாரிசுதான். ஆனால் கதவு சாத்திக்கொள்வது மட்டுமே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. 1909-இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் இரண்டு பெட்டிகள் செய்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. இன்னொன்றுக்கு நீண்ட அலைகளையும் விட்டுவிடும் கல்லுப்புத் தகடு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குச் சூடேறின. அப்படியென்றால் பெரிய குற்றவாளி, அடைபட்ட காற்று. சூடான காற்று மேலெழுந்து போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றுவதுதான் சூட்டின் பெரும்பகுதியைச் சேர்த்து வைக்கிறது.

எவ்வளவு சேர்கிறது? முன் கண்ணாடியின் பரப்பு ஒரு சதுர மீட்டருக்குச் சற்று அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழுவது ஏறக்குறைய 1000 வாட். கண்ணாடியின் சரிவு, அது திருப்பி அனுப்புவது, தானே உறிஞ்சுவது எல்லாம் போனாலும் 500 வாட்டுக்குக் குறையாமல் உள்ளே இறங்கும். டேஷ்போர்டின் மேல் ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டுப் போன மாதிரி. காருக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய மூன்று கன மீட்டர், எடையில் மூன்றரைக் கிலோ. அந்த 500 வாட்டும் காற்றை மட்டும் சூடாக்கினால் ஏழு நொடிக்கு ஒரு டிகிரி ஏறும். நல்லவேளையாக டேஷ்போர்டும் இருக்கைகளும் கூரையும் பெரும்பகுதியை வாங்கிக்கொள்கின்றன. அதனால்தான் நிமிடங்கள் ஆகின்றன.

நம் ஊரில் இன்னொரு சங்கடம். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. அம்பாசடர் காலத்து முன் கண்ணாடி ஓரளவு நிமிர்ந்து நிற்கும். உச்சிச் சூரியனின் கதிர் அதில் சாய்வாக உரசிப் போகும். இன்றைய கார்களின் கண்ணாடி காற்றைக் கிழிப்பதற்காக நன்றாகப் படுத்திருக்கிறது. எரிபொருள் மிச்சம். ஆனால் உச்சி வெயிலுக்கு அது விரித்து வைத்த பாய்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 38 டிகிரிக்கு மேல் போன கோடை நாள்களில் கார்களை வெயிலிலும் நிழலிலும் நிறுத்தி அளந்தது. வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரில் உள்காற்று சராசரியாக 47 டிகிரி, இருக்கை 51, ஸ்டியரிங் 53, டேஷ்போர்டு 69. நிழலில் நின்றதில் உள்காற்று 38, டேஷ்போர்டு 48. நிழல் மட்டுமே டேஷ்போர்டிலிருந்து 21 டிகிரியைக் கழித்துவிட்டது. எந்தக் கடையிலும் இதற்கு இணையான பொருள் இல்லை என்பது என் எண்ணம். 2005-இல் வெளிவந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, மொத்தச் சூட்டேற்றத்தில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது என்று காட்டியது. ஜன்னலை ஒன்றரை அங்குலம் இறக்கிவைத்தும் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. நம்மில் பலர் அந்த ஒன்றரை அங்குலத்தை நம்பித்தான் காரைப் பூட்டிவிட்டுப் போகிறோம்.

ஆக, வெயிலை எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் கேள்வி. நம் வீடுகளில் முற்றத்துக்கு முன்னால் கீற்றுப் பந்தல் போடுவார்கள். யாரும் பந்தலைக் கூடத்துக்குள் போடுவதில்லை. காருக்கும் அதே நியாயம். கண்ணாடிக்கு வெளியே விரிக்கும் வெள்ளை அல்லது வெள்ளி நிற உறை, வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே தடுத்துவிடுகிறது. அது சூடேறினாலும் அந்தச் சூட்டைத் தெருக்காற்று கொண்டுபோய்விடும்.

உள்ளே வைக்கும் சன் ஷேட் இரண்டாம் இடம். மடக்கி விரிக்கும் வெள்ளி நிறத் தட்டி நல்ல பொருள். வந்த ஒளியை ஒளியாகவே திருப்பி அனுப்பினால், அது குட்டை அலையாகவே இருப்பதால் கண்ணாடி மறுபடியும் வழிவிடும். வெள்ளிப் பக்கம் வெளியே பார்த்திருக்க வேண்டும் என்பதன் காரணம் இதுதான். பக்கக் கண்ணாடிகளில் ஒட்டும் கறுப்பு வலைக்கு இந்தத் திறமை கிடையாது. அது ஒளியை விழுங்கிச் சூடாகி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டே நம்மை நோக்கிச் சூட்டை வீசும். கண் கூசாமல் காக்கும், தூங்கும் குழந்தையின் முகத்தில் நேர் வெயில் விழாமல் பார்த்துக்கொள்ளும். அதுவரைக்கும் அது உதவிதான். கார் குளிர்ந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

காரின் நிறமும் ஒரு பாதுகாப்புப் பொருள்தான். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் ஒரே மாதிரியான கறுப்பு, வெள்ளி நிறக் கார்கள் இரண்டை வெயிலில் நிறுத்தினார்கள். கறுப்புக் காரின் கூரை 25 டிகிரி வரை அதிகச் சூடு. உள்காற்றில் ஐந்தாறு டிகிரி வித்தியாசம்.

மீதமிருக்கும் அந்த நான்கைந்து பங்கு புற ஊதாவுக்கு வருவோம். அளவில் சிறியது; செய்யும் சேதம் பெரிது. 2012-இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் 69 வயது வாகன ஓட்டுநர் ஒருவரின் படம் வெளிவந்தது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர். முகத்தின் இடப்பாதி மட்டும் தடித்து, ஆழமான சுருக்கங்களோடு, வலப்பாதியைவிடப் பல வயது மூத்ததாக இருந்தது. அங்கே ஓட்டுநர் இடப்பக்கம் உட்கார்கிறார், ஜன்னல் இடப்பக்கம். நம் ஊரில் ஜன்னல் வலப்பக்கம். நீண்ட தூரம் லாரியோ டாக்சியோ ஓட்டுகிற அண்ணன் ஒருவரின் இரு முன்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வலக்கை கறுத்திருக்கும். ஜன்னலில் அவர்கள் செருகிக்கொள்ளும் துண்டை நான் மருந்துக்கு இணையாக மதிக்கிறேன்.

பக்கக் கண்ணாடி போலப் புற ஊதாவை உள்ளே விடும் குறை முன் கண்ணாடிக்கு இல்லை. காரணம் தெரிய ஒரு பழைய கதை வேண்டும். 1903-இல் பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனடிக்டஸ் ஆய்வகத்தில் ஒரு குடுவையைக் கீழே தவறவிட்டார். உடைந்தது, ஆனால் சிதறவில்லை. முன்பு அதில் இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் காய்ந்து உள்சுவரில் மெல்லிய படலமாக ஒட்டியிருந்தது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்த இன்றைய முன் கண்ணாடி அந்த யோசனையிலிருந்து வந்தது. கல் பட்டால் விரிசல் விடும், முகத்தில் கொட்டாது. நடுவில் இருக்கும் அந்தப் படலம் புற ஊதாவையும் விழுங்கிவிடுகிறது. பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் வேறு வகை. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிரவைத்த கண்ணாடி அது. உடைந்தால் கற்கண்டுத் துண்டுகளாக உதிரும். நடுவில் படலம் இல்லை. 2016-இல் வெளியான ஒரு அளவீட்டில் முன் கண்ணாடிகள் நீள்அலைப் புற ஊதாவில் சராசரியாக 96 சதவீதத்தைத் தடுத்தன. பக்கக் கண்ணாடிகளின் சராசரி 71. சில கார்களில் 44 மட்டுமே.

முன் கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டையும், அதிலிருந்து சிறுத்துக்கொண்டே போகும் கறுப்புப் புள்ளிகளும் இருக்கும். பலர் அதை அழகுக்கென்று நினைக்கிறார்கள். கண்ணாடியை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் பசை புற ஊதா பட்டால் நைந்துபோகும். அதன் மேல் போட்ட குடை அந்தப் பட்டை. கறுப்பு சட்டென்று முடிந்தால் அந்த விளிம்பில் வெப்ப வேறுபாடு கூடும் என்பதால் புள்ளிகளாகக் கரைத்து விடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி, முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத ஒளியையும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத ஒளியையும் உள்ளே விட வேண்டும் என்கிறது. 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், கண்ணாடி தயாரிப்பிலேயே அந்த அளவில் இருக்கலாம், மேலே எந்த ஃபிலிமும் ஒட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் விதி திருத்தப்பட்டு 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் திருத்தத்தின்படி, அளவுக்கு உட்பட்ட ஃபிலிம்களுக்கு அனுமதி உண்டு என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. இரவில் சாலை கடக்கும் ஒருவரை ஓட்டுநர் பார்க்க முடிகிறதா என்பதுதான் இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் கவலை, நியாயமான கவலை. 70 சதவீதம் ஒளியை விட்டுக்கொண்டே அகச்சிவப்பைத் தடுக்க முடியும் என்பதால் சட்டமும் குளிர்ச்சியும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. உலோகப் பூச்சு ஃபிலிம்களில் மட்டும் வேறொரு தொல்லை: ரேடியோ அலைகளை அவை மறிப்பதால், கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் சுங்கச்சாவடியில் படிக்கப்படாமல் போகலாம்.

கண்ணாடியின் தெளிவைக் கெடுப்பது ஃபிலிம் மட்டுமல்ல. டேஷ்போர்டின் பிளாஸ்டிக்கை மிருதுவாக வைத்திருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்கள் சூட்டில் மெல்ல ஆவியாகின்றன. புதுக் கார் வாசனையில் அவற்றுக்கும் பங்குண்டு. அவை போய்ப் படியும் இடம் முன் கண்ணாடியின் உள்பக்கம். இரவில் எதிர் வண்டியின் விளக்குப் பட்டதும் கண்ணாடி முழுக்கப் பால் தெளித்தது போலத் தெரிந்தால் அந்தப் படலம்தான். உள்பக்கத்தையும் துடைக்க வேண்டும். டேஷ்போர்டுக்குப் பளபளப்பு பாலிஷ் போடுவதை நான் விரும்பவில்லை. பளபளக்கும் பரப்பு கண்ணாடியில் பிரதிபலித்துச் சாலையின் மேல் ஒரு திரையைப் போடுகிறது. மங்கலான துணி விரிப்பு நல்லது, ஏர்பேக் மூடியை மறைக்காமல் போட வேண்டும்.

இருக்கை உறைக்கும் இதே எச்சரிக்கை. இருக்கையின் தோள் ஓரத்தில் ‘ஏர்பேக்’ என்று சிறு பட்டை தைத்திருந்தால், அந்த இடத்தை இறுக்கி மூடும் உறை வேண்டாம். கால் மேட்டை அற்பம் என்று நினைப்போம். 2009 ஆகஸ்டில் சான் டியேகோ அருகே, வேறு மாடலுக்கான மேட் ஆக்சிலரேட்டரைச் சிக்கவைத்ததால் ஒரு குடும்பத்தில் நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டுநர் பக்கம் மேட்டின் மேல் மேட் போடக் கூடாது. கொக்கி இருந்தால் மாட்டியே ஆக வேண்டும்.

வெள்ளைத் துவாலை விரித்த இருக்கைகளை அரசு வண்டிகளில் பார்த்திருப்போம். அந்தத் துவாலைக்குள் இயற்பியல் இருக்கிறது. துவாலையும் சீட் பெல்ட்டின் எஃகுக் கொக்கியும் ஒரே 60 டிகிரியில் இருந்தாலும் கொக்கிதான் சுடும். எஃகு தன்னிடமுள்ள சூட்டை வேகமாகத் தோலுக்குள் தள்ளும். துவாலையில் பாதிக்கு மேல் காற்று, அதனிடம் தள்ளுவதற்கு அதிகமில்லை. வேலூரில் ஒரு மே மாத மதியம், கோயிலிலிருந்து திரும்பி வந்து அவசரத்தில் என் மகளைப் பின் இருக்கையில் உட்காரவைத்தேன். கொக்கி அவள் தொடையில் பட்டது. சின்னக் கொப்புளம்தான். அன்றிலிருந்து வண்டியை விட்டு இறங்கும்போதே கொக்கிகளின் மேல் ஒரு துண்டைப் போட்டுவிடுகிறேன்.

இந்தப் பொருள்களில் எதுவும் குழந்தையைக் காருக்குள் விட்டுப் போகும் உரிமையைத் தருவதில்லை. அமெரிக்காவில் 1998 முதல் ஆண்டுக்குச் சராசரியாக 37 குழந்தைகள் சூடேறிய வாகனங்களுக்குள் இறந்திருக்கிறார்கள். சிறு உடம்பு பெரியவர்களுடையதைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறும். சன் ஷேட் போட்டிருந்தேன், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியிருந்தேன் என்பதெல்லாம் அந்த அரை மணி நேரக் கணக்கின் முன் நிற்காது.

வெயிலில் நின்ற வண்டிக்குத் திரும்பி வந்தால் நான் செய்வது இது. ஒரு பக்க ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கக் கதவை விசிறி போல ஐந்தாறு முறை திறந்து மூடுவேன். உள்ளே இருப்பது மூன்றரைக் கிலோ காற்றுதானே, அது உடனே வெளியேறிவிடும். ஆனால் டேஷ்போர்டும் இருக்கைகளும் சேர்த்து வைத்த சூடு அப்படியே இருக்கும், புதிதாக வந்த காற்றையும் அது சூடாக்கும். அதனால் எல்லா ஜன்னல்களும் திறந்தபடி இரண்டு மூன்று நிமிடம் ஓட்டிவிட்டு, பிறகுதான் ஜன்னலை ஏற்றி ஏசியை உள்சுற்றுக்கு மாற்றுவேன். வண்டியைக் கிளப்பும் முன், துண்டை எடுத்துவிட்டுப் பின் இருக்கைக் கொக்கியைப் புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்ப்பேன். அது ஆறும்வரை மகள் வேப்பமரத்தடியில் நிற்பாள்.